எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஒரு டிரான்சிஸ்டர், ஒரு காயில், ஒரு மைக், 9 வோல்ட் பேட்டரி. இவ்வளவை வைத்தே மாணவர்கள் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் செய்துவிடுகிறார்கள். அடுத்த அறை ரேடியோவில் குரலும் கேட்கிறது. அப்படியிருக்க, ஒரு சமுதாய வானொலியின் 50 வாட் டிரான்ஸ்மிட்டரைத் திறந்தால் உள்ளே ஏன் இத்தனை போர்டுகள், தகரத் தடுப்புகள், காயில் வரிசைகள்? ஒவ்வொன்றும் என்ன செய்கிறது? இதுதான் கேள்வி.

இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லதாகப் போயிற்று. பெரிய பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் அந்தச் சின்னச் சுற்றின் ஏதோ ஒரு குறையைத் தீர்க்க வந்ததுதான். அந்தக் குறைகளில் பெரியது ஒன்று உண்டு. எஃப்எம்மில் குரலைச் சுமப்பது அதிர்வெண்ணின் அசைவு. ஆகவே அதிர்வெண் குரலுக்குத் தக்கபடி ஆடியே ஆக வேண்டும். ஆனால் அதன் நடுப்புள்ளி நகரக் கூடாது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் ஒலிபரப்பாகும் 90.4 மெகாஹெர்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். குரலோடு சேர்ந்து அது இரு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஆடலாம். நடுப்புள்ளி விலகலாம் என்று அனுமதிக்கப்படுவதோ 2 கிலோஹெர்ட்ஸ் அளவுதான். ஆடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். பெட்டிக்குள் நடக்கும் வேலையில் பாதி இந்த இரண்டையும் ஒத்துப்போகச் செய்வதற்காகத்தான்.

முதலில் சின்னச் சுற்று. அதன் உயிர் ஒரு காயிலும், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெபாசிட்டரும். பென்சிலில் ஐந்தாறு சுற்று சுற்றிய காயில் ஏறக்குறைய 0.1 மைக்ரோ ஹென்றி வரும். அதோடு 25 பிக்கோ ஃபாரட் கெபாசிட்டரை இணையாகப் போட்டால் இரண்டுக்கும் இடையே மின்சாரம் வினாடிக்குச் சுமார் 10 கோடி தடவை போய்வரும், அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். காயிலின் கம்பியிலும், ஆண்டெனா வழியாக வெளியே போவதிலும் ஆற்றல் குறைந்துகொண்டே இருப்பதால், தனியே விட்டால் இந்த அலைவு கண நேரத்தில் அடங்கிவிடும். டிரான்சிஸ்டரின் வேலை அந்த இழப்பை ஈடுகட்டுவது. அதன் மூன்று கால்களில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே ஒரு சிறிய கெபாசிட்டர், பெரும்பாலும் 4.7 பிக்கோ ஃபாரட், போட்டிருப்பார்கள். வெளியே வரும் அலையில் ஒரு துளியை அது உள்ளே திருப்பி விடுகிறது. டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கிக் காயிலுக்கே கொடுக்கிறது. அலை நிற்காமல் ஓடுகிறது. இதுதான் ஆஸிலேட்டர்.

சரி, குரல் எங்கே ஏறுகிறது? மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரின் மூன்றாவது காலான பேஸுக்குப் போகிறது. டிரான்சிஸ்டருக்குள் கலெக்டர், பேஸ் சந்திக்கும் இடமே ஒரு குட்டிக் கெபாசிட்டர். அதன் மதிப்பு அங்குள்ள மின்னழுத்தத்தைப் பொறுத்து மாறும். அது காயிலோடு சேர்ந்த கெபாசிட்டருக்குத் துணையாக உட்கார்ந்திருப்பதால், பேசப்பேச மொத்த மதிப்பு கூடிக் குறைகிறது, அதிர்வெண்ணும் ஆடுகிறது. எவ்வளவு மாறினால் போதும் தெரியுமா? 100 மெகாஹெர்ட்ஸில் 75 கிலோஹெர்ட்ஸ் என்பது 0.075 சதவீதம். கெபாசிட்டரின் மதிப்பு அதைப் போல இரு மடங்கு, 0.15 சதவீதம் மாற வேண்டும். 25 பிக்கோ ஃபாரடில் அது 0.04 பிக்கோ ஃபாரட் கூட இல்லை.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் குரலையும் ஏற்ற இவ்வளவே போதும் என்றால், இவ்வளவு மாற்றம் வேறு எதனால் வந்தாலும் நிலையம் அதே அளவு நகர்ந்துவிடும். காயிலருகே கையைக் கொண்டுபோனாலே இதைவிட அதிகம் மாறும். டிரான்சிஸ்டர் சூடானால் மாறும், பேட்டரி இறங்கினால் மாறும், ஆண்டெனாக் கம்பி அசைந்தால் மாறும். குரல் நுழைய நாம் திறந்துவைத்த அதே வழியில் உலகத்தின் மற்ற தொல்லைகளும் நுழைகின்றன. மாணவர்களின் சுற்றில் டிரிம்மரை (மதிப்பை மாற்றக்கூடிய சின்னக் கெபாசிட்டர்) திருப்பித் திருப்பி நிலையத்தைத் தேடுவது இதனால்தான். அவர்கள் சாலிடர் செய்த விதத்தில் தவறு இருக்க வேண்டியதில்லை.

பெரிய பெட்டியில் இந்த ஆஸிலேட்டர் இருக்கும் பகுதியை எக்ஸைட்டர் என்பார்கள். முதல் திருத்தம், குரலை டிரான்சிஸ்டருக்குள் விடாமல் வேராக்டர் டயோடு என்ற தனிப் பாகத்துக்குக் கொடுப்பது. டயோடுக்குத் தலைகீழாக மின்னழுத்தம் கொடுத்தால் மின்சாரம் பாயாது. நடுவில் வெறுமையான ஒரு படலம் உண்டாகும். மின்னழுத்தம் கூடினால் படலம் தடிக்கும், கெபாசிட்டர் மதிப்பு குறையும். எந்த மின்னழுத்தத்துக்கு எவ்வளவு என்பது ஒழுங்காகத் தெரிந்த பாகம் என்பதால் குரல் நெளியாமல் ஏறுகிறது. ஆஸிலேட்டரில் மற்ற கெபாசிட்டர்களை வெப்பத்தால் மதிப்பு மாறாத என்பி0 வகையாகப் போடுவார்கள். காயில்மேல் மெழுகோ பசையோ ஊற்றி அசையாமல் இருத்துவார்கள். அப்படிச் செய்யாத பெட்டியை விரலால் தட்டினால் அந்தத் தட்டல் ரேடியோவில் கேட்கும். காயில் சுற்றுகளுக்கு இடையே ஒரு முடியளவு அசைந்தாலே அதிர்வெண் மாறுகிறதே.

இதெல்லாம் செய்தும் காயிலை நம்பி 2 கிலோஹெர்ட்ஸுக்குள் நிற்க முடியாது. அதற்குக் குவார்ட்ஸ் கிறிஸ்டல் வேண்டும். அது மெல்லிய கல் தகடு; தன் அளவுக்கு உரிய அதிர்வெண்ணில் மட்டுமே துடிக்கும். ஆனால் கிறிஸ்டலை நேரடியாக ஆட்டிக் குரலேற்றவும் முடியாது, அசையவே மறுக்கும். ஆடக்கூடியது நிற்காது, நிற்கக்கூடியது ஆடாது. இந்த இரண்டையும் கட்டிப்போடும் சுற்றுதான் பிஎல்எல் (ஃபேஸ் லாக்டு லூப்). எனக்கு இந்தப் பெட்டியிலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

அது இப்படி வேலை செய்கிறது. 10 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலை 100-ஆல் வகுத்து 100 கிலோஹெர்ட்ஸ் எடுக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஆஸிலேட்டரின் அலையை 904-ஆல் வகுக்கிறார்கள். ஆஸிலேட்டர் சரியாக 90.4 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் இதுவும் 100 கிலோஹெர்ட்ஸ்தான். இரண்டையும் ஒப்பிடும் சுற்று, எது முந்துகிறது எது பிந்துகிறது என்று பார்த்து ஒரு திருத்த மின்னழுத்தம் தருகிறது. அது வேராக்டருக்குப் போய் ஆஸிலேட்டரை இழுத்து நிறுத்துகிறது. 904 என்ற எண்ணை 908 ஆக்கினால் நிலையம் 90.8-க்குப் போய்விடும். முன்பக்கத்தில் அதிர்வெண் மாற்றும் பொத்தான்கள் மாற்றுவது இந்த எண்ணைத்தான்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. குரலால் அதிர்வெண் நகர்ந்தாலும் பிஎல்எல் கண்ணுக்கு அது பிழைதானே? அது உடனே திருத்தினால் குரலே அழிந்துவிடும். அதனால்தான் நடுவில் லூப் ஃபில்டர் இருக்கிறது. பெரிய கெபாசிட்டர்களும் ரெசிஸ்டர்களும் சேர்ந்த அந்த ஃபில்டர் திருத்தத்தை வேண்டுமென்றே மெதுவாக்குகிறது. மிகத் தாழ்ந்த இசைச் சத்தம் வினாடிக்கு 30 அதிர்வு என்றால், பிஎல்எல் அதைவிட மிகவும் மந்தமாக, சில ஹெர்ட்ஸ் வேகத்தில் மட்டுமே திருத்தும். வெப்பத்தால் மெல்ல நகர்வதைப் பிடித்து இழுக்கும். குரலால் வேகமாக ஆடுவதைக் கண்டுகொள்ளாது. இரண்டையும் பிரிப்பது வேகம் ஒன்றுதான். டிரான்ஸ்மிட்டரைப் போட்டவுடன் சில வினாடி கழித்தே அலை வெளியே வருவதற்கும் இதுதான் காரணம்: பிஎல்எல் பூட்டிக்கொள்ளும் வரை பவரைத் திறக்க விடமாட்டார்கள், இல்லையென்றால் அடுத்த நிலையங்கள்மேல் ஊர்ந்துதான் வந்து சேரும்.

இந்த மந்தத்துக்கு ஒரு விலை உண்டு. கரண்டிலிருந்து வரும் 100 ஹெர்ட்ஸ் உறுமலும் பிஎல்எல் கண்ணுக்குக் குரல் மாதிரிதான், அதைத் திருத்தாது. எனவே ஆஸிலேட்டருக்குப் போகும் மின்சாரத்துக்கு, மின்னழுத்தத்தை ஏற்ற இறக்கமில்லாமல் வைக்கும் தனி ரெகுலேட்டர், தனி ஃபில்டர், தகர மூடி எல்லாம் வேண்டும். எஃப்எம் நிலையத்தில் உறுமல் கேட்கிறது என்றால் நான் ஆடியோ வயருக்கு அடுத்து பார்ப்பது இந்த ரெகுலேட்டரைத்தான்.

எஃப்எம்முக்கு வடிவம் கொடுத்து 1933-இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் இதே சிக்கலை வேறு வழியில் சுற்றிப்போனார். கிறிஸ்டல் அலையின் கட்டத்தை (ஃபேஸ், அதாவது அலை முந்துவதையும் பிந்துவதையும்) மட்டும் மிகச் சிறிதளவு ஆட்டி, பிறகு அந்த ஆட்டத்தைப் பெருக்கினார். பாடப் புத்தகங்களில் வரும் கணக்குப்படி 200 கிலோஹெர்ட்ஸில் 25 ஹெர்ட்ஸ் ஆட்டம். அதை 64 மடங்கு பெருக்கி, இன்னோர் அலையோடு கலந்து கீழே இறக்கி, மறுபடி 48 மடங்கு பெருக்கினால் 75 கிலோஹெர்ட்ஸை எட்டலாம். வேலை அதிகம், ஆனால் நடுப்புள்ளி கிறிஸ்டலோடு கட்டுண்டே இருக்கும். இன்றைய டிஜிட்டல் எக்ஸைட்டரில் சிக்கலே எழுவதில்லை. அங்கே அலையின் ஒவ்வொரு புள்ளியும் கிறிஸ்டல் கடிகாரத்தின்படி எண்ணாகக் கணக்கிடப்படுகிறது. ஆட்டமும் நடுப்புள்ளியும் ஒரே கணக்கிலிருந்து வருகின்றன.

இனி ஆஸிலேட்டருக்கு முன்னால் உள்ள ஆடியோ பகுதி. எஃப்எம் ரேடியோவில் இரைச்சல் உயர்ந்த சுருதிகளில்தான் அதிகம் ஏறும். ஆகவே அனுப்பும்போதே உயர்ந்த சுருதிகளைத் தூக்கி அனுப்பி, ரேடியோவில் அதே அளவு இறக்குகிறார்கள்; இறக்கும்போது இரைச்சலும் சேர்ந்து இறங்குகிறது. இது பிரீ-எம்ஃபசிஸ். ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் போதும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இதன் அளவு 50 மைக்ரோ வினாடி, அமெரிக்காவில் 75. நம் அளவில் சுமார் 3.2 கிலோஹெர்ட்ஸிலிருந்து தூக்கல் தொடங்கி, 15 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகும். இதனால் "ஸ்", "ஷ்" ஒலிகளும் ஜால்ரா ஒலியும் 75 கிலோஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டிவிடும் அபாயம் உண்டு. அதைத் தடுக்கவே அடுத்ததாக லிமிட்டர். சென்னையில் 91.1, 91.9, 92.7, 93.5 என்று 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிலையங்களுக்கு வரிசையாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு நிலையம் எல்லை மீறி ஆடினால் அதன் அலை அகலமாகி அக்கம்பக்கத்தின் இடத்தில் கொட்டும்.

ஸ்டீரியோ என்றால் இன்னொரு போர்டு சேரும். இடது, வலது இரண்டையும் தனித்தனியே அனுப்பாமல், இரண்டின் கூட்டலை 15 கிலோஹெர்ட்ஸ் வரை சாதாரணமாக அனுப்புகிறது. பழைய மோனோ ரேடியோ இதை மட்டும் எடுத்துக்கொள்ளும், எதுவும் குறைந்ததாகத் தெரியாது. இரண்டின் வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி, 23 முதல் 53 வரை போய் உட்காரும். இவற்றிலிருந்து இடது, வலதைப் பிரித்தெடுக்க ரேடியோவுக்கு அந்த 38 கிலோஹெர்ட்ஸ் துல்லியமாக வேண்டும். அதற்காக அதன் பாதியான 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் என்ற மெல்லிய தொனியை அனுப்புகிறார்கள். 15-க்கும் 23-க்கும் நடுவே வேறெதுவும் இல்லாத இடம் அது, ரேடியோ எளிதாகப் பிடித்துக்கொள்ளும். பாட்டில் உள்ள 19 கிலோஹெர்ட்ஸ் ஒலிகள் பைலட்டைக் குழப்பக் கூடாது என்பதால்தான் ஆடியோவை 15-லேயே செங்குத்தாக வெட்டும் ஃபில்டர் போடுகிறார்கள். காரில் செருகும் பழைய எஃப்எம் மாடுலேட்டர்கள் பலவற்றில் பிஎச்1417 என்ற ஒரே சிப் இவை எல்லாவற்றையும் செய்தது. அருகில் 7.6 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் இருக்கும்: 400-ஆல் வகுத்தால் 19 கிலோஹெர்ட்ஸ், 200-ஆல் வகுத்தால் 38, 76-ஆல் வகுத்தால் பிஎல்எல்லுக்கான 100. ஒரே கல்லிலிருந்து மூன்றையும் எடுத்தவரின் கணக்கு எனக்கு இன்றும் அழகாகத் தெரிகிறது.

எக்ஸைட்டரிலிருந்து அலை வெளியேறும் இடத்தில் பஃபர் என்ற ஒரு கட்டம் உண்டு. அது பெரிதாகப் பெருக்காது. பின்னால் ஆண்டெனா காற்றில் ஆடினாலும், ஆம்ப்ளிஃபையர் சூடேறினாலும், அந்த மாற்றம் ஆஸிலேட்டருக்குத் தெரியாமல் மறிப்பதே அதன் வேலை. சின்னச் சுற்றில் ஆண்டெனா நேராக ஆஸிலேட்டரிலேயே தொங்கும், அதனால்தான் கம்பியைத் தொட்டாலே நிலையம் ஓடிவிடுகிறது.

அப்புறம் பவர். இங்கே எஃப்எம் நமக்கு ஒரு பெரிய சலுகை தருகிறது. செய்தி அதிர்வெண்ணில் இருக்கிறது, அலையின் உயரத்தில் எதுவும் இல்லை. எனவே உயரத்தை நெளிக்கும் ஆம்ப்ளிஃபையரைக்கூடத் தயங்காமல் போடலாம். கிளாஸ் சி வகையில் டிரான்சிஸ்டர் ஒவ்வொரு அலையிலும் பாதிக்கும் குறைவான நேரமே கடத்தும், மற்ற நேரம் ஓய்வு. ஊஞ்சலை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தள்ளு தள்ளினால் போதும் அல்லவா, அதுபோல அந்தச் சிறு தள்ளலை வைத்து அடுத்துள்ள காயிலும் கெபாசிட்டரும் முழு அலையைத் திரும்பக் கட்டிவிடுகின்றன. இதில் கொடுக்கும் மின்சாரத்தில் 65 சதவீதம் அலையாகிறது என்று வைத்துக்கொண்டால், 50 வாட் வெளியே வர 77 வாட் உள்ளே போகும்; மீதி 27 வாட் வெப்பம். ஹீட் சிங்க், ஃபேன் எல்லாம் அந்த 27 வாட்டுக்காக.

டிரான்சிஸ்டருக்கும் வெளியே போகும் வயருக்கும் இடையே நாலைந்து காயில், கெபாசிட்டர் இருக்கும். அவை மேட்சிங். 28 வோல்ட்டில் 50 வாட் தர ஒரு டிரான்சிஸ்டருக்கு ஏறக்குறைய 8 ஓம் சுமை வேண்டும். ஆண்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளோ 50 ஓம். இரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பதே அந்தக் காயில்கள். 12 வோல்ட்டில் அதே பவர் எடுக்கப் போனால் 1.4 ஓம் ஆகிவிடும். அதைப் பொருத்துவது கடினம், கம்பியிலேயே நிறைய வீணாகும். பெரிய ஆம்ப்ளிஃபையர்கள் 28, 50 வோல்ட்டுக்குப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்றைய எல்டிமாஸ் வகை டிரான்சிஸ்டர் ஒன்றே 50 வோல்ட்டில் 1,000 வாட்டுக்கு மேல் தருகிறது.

கிளாஸ் சி தந்த சலுகைக்குக் கட்டணம் இப்போது வருகிறது. விட்டுவிட்டுக் கடத்துவதால் 90.4-இன் இரு மடங்கான 180.8, மும்மடங்கான 271.2 என்று ஹார்மோனிக்குகள் பிறக்கின்றன. 180.8 என்பது பழைய விஎச்எஃப் டிவி அலைவரிசை. எனவே கடைசியில் லோ-பாஸ் ஃபில்டர்: வரிசையாக மூன்று, நான்கு தடித்த காயில்களும் இடையிடையே கெபாசிட்டர்களும். 108 மெகாஹெர்ட்ஸ் வரை விட்டு, அதற்குச் சற்று மேலிருந்து வெட்டும். அமெரிக்க விதியின் சூத்திரப்படி 50 வாட் நிலையத்தின் இந்தக் கழிவு 60 டெசிபெல் கீழே, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்காக, 50 மைக்ரோ வாட்டுக்குள் அடங்க வேண்டும். காயில்களுக்கு நடுவே தகரத் தடுப்பு ஏன் என்று கேட்டீர்களே, காயிலிலிருந்து காயிலுக்குக் காற்று வழியே தாவினால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை என்பதால்தான்.

ஆம்ப்ளிஃபையர் சரியாக டியூன் ஆகாமல், ஆஸிலேட்டர் போலத் தானே அலையை உண்டாக்கத் தொடங்கினால் ஆபத்து இன்னும் பெரிது. எஃப்எம் பட்டைக்கு அடுத்த 108 மெகாஹெர்ட்ஸிலிருந்தே விமானங்கள் ஓடுபாதையைக் கண்டு இறங்கப் பயன்படுத்தும் அலைகள் தொடங்குகின்றன. லோ-பாஸ் ஃபில்டரால் அவ்வளவு பக்கத்தில் வருவதை வெட்ட முடியாது. உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது இந்தியாவில் குற்றம் என்பதற்குப் பின்னால் இப்படியான உண்மையான காரணம் இருக்கிறது. ஃபில்டர் இல்லாத சுற்றை உயர்ந்த ஆண்டெனாவில் மாட்டாதீர்கள்.

பெட்டியை விட்டு வெளியேறும் இடத்தில் டைரக்‌ஷனல் கப்ளர் என்ற சிறு துண்டு, போகும் பவரையும் திரும்பி வரும் பவரையும் தனித்தனியே அளக்கிறது. ஆண்டெனா பொருந்தாவிட்டால் அலை திரும்பி வரும். பொருத்தம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் அளவு 2 என்றால் திரும்பி வருவது 11 சதவீதம், 50 வாட்டில் ஐந்தரை வாட். அதற்கு மேல் போனால் கட்டுப்பாட்டுச் சுற்று பவரைத் தானே இறக்கி டிரான்சிஸ்டரைக் காப்பாற்றும். மழைக்காலத்தில் டிரான்ஸ்மிட்டர் பவர் குறைந்தால் பெட்டியைக் கழற்றுவதற்கு முன் கம்பத்தின் மேல் கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேபிளையும் ஒரு பாகமாகவே எண்ண வேண்டும். ஆர்ஜி-213 வகைக் கேபிள் 30 மீட்டர் போட்டால் இந்த அலைவரிசையில் ஏறக்குறைய 2 டெசிபெல் போய்விடும். 50 வாட்டில் மேலே சேர்வது 31 வாட் அளவுதான். மெல்லிய ஆர்ஜி-58 என்றால் 20 வாட்கூடச் சேராது. ஆம்ப்ளிஃபையரைப் பெரிதாக்குவதைவிட நல்ல கேபிளுக்குச் செலவிடுவது மலிவு. ஆண்டெனா எளியது: 90.4-க்கு அலைநீளம் 3.32 மீட்டர், அதில் பாதியைவிடச் சற்றுக் குறைத்து, இரு பக்கமும் சுமார் 79 சென்டிமீட்டர் கொண்ட டைபோல். சமுதாய வானொலிக்கு இந்தியாவில் பொதுவாக அனுமதிப்பது ஆண்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 100 வாட், கம்பம் 30 மீட்டர் வரை. பெட்டி 50 வாட்டாக இருப்பதன் கணக்கு அதுதான்.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால் ஆண்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு மாட்டுங்கள். அலை அதிலேயே வெப்பமாகிவிடும், கசிவதைப் பக்கத்து மேசை ரேடியோ பிடித்துக்கொள்ளும். ரேடியோ அலைகளைப் பிடித்துத் திரையில் காட்ட உதவும், விலை மலிவான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்றைக் கணினியில் செருகினால் இன்னும் நல்லது. பிஎல்எல் இல்லாத சுற்று சூடேறச்சூடேற நகர்வதும், பேசும்போது அலை விரிவதும், இரு மடங்கு அதிர்வெண்ணில் ஹார்மோனிக் எட்டிப்பார்ப்பதும் திரையிலேயே தெரியும். முதலில் ஒரு டிரான்சிஸ்டர் சுற்றை அப்படிப் பாருங்கள். அடுத்து பஃபர் சேருங்கள், அதற்கடுத்து பிஎல்எல், கடைசியில் ஃபில்டர். ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் திரையில் என்ன மாறுகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள்.